யானைக்கால் நோய் போய்விட்டது என்கிறார்கள், பிறகு ஏன் ராத்திரி பத்து மணிக்கு வந்து ரத்தம் எடுக்கிறார்கள்?

செல்வி_காவிரிக்கரை

வணக்கம். நாங்கள் கும்பகோணத்தில் இருக்கிறோம். போன வாரம் ராத்திரி பத்து மணி வாக்கில் சுகாதாரத் துறை ஆட்கள் தெருவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு போனார்கள். யானைக்கால் சோதனையாம். அதற்குச் சில மாதம் முன்னால் இரண்டாம் வகுப்பு படிக்கிற என் பையனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே, பகலில், ஏதோ அட்டை மாதிரி ஒன்றில் ரத்தம் விட்டுப் பார்த்தார்கள்.

எனக்கு மூன்று சந்தேகம். நோய்தான் ஏறக்குறைய இல்லை, மாத்திரை கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள் என்றால் இன்னும் ஏன் தேடுகிறார்கள்? பிள்ளைக்குப் பகலில் எடுக்க முடிகிறது, பெரியவர்களை மட்டும் ஏன் தூக்கத்தில் எழுப்ப வேண்டும்? அப்புறம், எங்கள் தெருவில் பலர் கதவையே திறக்கவில்லை. என் மாமனாரும்தான். "கால் நன்றாகத்தானே இருக்கு, எனக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டார். முன்பு வருஷா வருஷம் மாத்திரை கொடுத்தபோதும் அவர் வாங்கி அலமாரியில் வைத்துவிடுவார், "அதைப் போட்டா ஜுரம் வரும்" என்பார். அவர் சொல்வதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா? இதெல்லாம் இப்போது கட்டட வேலைக்கு வருகிற வடநாட்டு ஆட்களால்தான் என்று தெருவில் பேச்சு வேறு. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_லேப்டெக்

அம்மா, நான் பைலேரியா, அதாவது யானைக்கால் நோய்ப் பிரிவில் ரத்தத் தடவல் பார்த்து ஓய்வு பெற்றவன். ராத்திரி விஷயத்தை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கதவு திறக்காதவர்களில் பாதிப் பேர் அது புரியாமல்தான் திறப்பதில்லை.

நம் ஊர் யானைக்காலுக்குக் காரணம் வுச்சரேரியா பான்கிராஃப்டி என்கிற நூல் மாதிரியான புழு. ஆணும் பெண்ணுமாக நிணநீர்க் குழாய்களுக்குள் குடியிருக்கும், ஆறேழு வருஷம் வரை உயிரோடு இருக்கும், அந்தக் காலத்தில் லட்சக்கணக்கில் குட்டிப் புழுக்களை ரத்தத்தில் விடும். இந்தக் குட்டிகளைத்தான் மைக்ரோஃபைலேரியா என்கிறோம். பகல் முழுக்க இவை நுரையீரலின் உள் ரத்தக் குழாய்களில் பதுங்கியிருக்கும். ராத்திரி பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரைதான் தோலுக்கு அருகில் இருக்கிற ரத்தத்தில் நிறைய வரும். நம் ஊரில் இதைப் பரப்புகிற கியூலெக்ஸ் கொசு கடிக்கிற நேரமும் அதுதான். புழுவுக்கு ஊரில் இருக்கிற கொசுவோடு அப்படி ஒரு பொருத்தம். நிக்கோபாரில் நான்கௌரி தீவுக் கூட்டத்தில் பகலில் கடிக்கிற ஏடிஸ் வகைக் கொசு பரப்புகிறது, அங்கே பகல் ரத்தத்திலேயே புழு கிடைக்கிறது. கொசுவின் உடம்பில் இந்தப் புழு வளர்கிறது என்பதை 1877-இல் சீனாவின் அமாய் துறைமுகத்தில் இருந்த பேட்ரிக் மேன்சன் என்கிற டாக்டர் கண்டுபிடித்தார். ஒரு நோய் பூச்சிக்குள் வளர்கிறது என்று முதன்முதலில் காட்டியது அதுதான், மலேரியாவுக்குக் கொசு காரணம் என்று தெரிவதற்கு இருபது வருஷம் முன்னால்.

ஆக, பகல் பதினோரு மணிக்கு எடுத்த ரத்தத்தில் "புழு இல்லை" என்று வந்தால் அதற்கு மதிப்பில்லை. ராத்திரி எடுத்த சொட்டைக் கண்ணாடித் துண்டில் தடவி உலர விடுவோம். உலர்கிற நேரத்தில் எறும்பும் கரப்பானும் அதைத் தின்ன வரும், அதனால் தட்டை மூடி வைத்துக் காவல் காக்க வேண்டும். காலையில் தண்ணீரில் போட்டால் சிவப்பு கழன்று போய்விடும், பிறகு சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் ஓரத்திலிருந்து ஓரம் வரை வரிசையாக ஓட்டிப் பார்க்க வேண்டும். கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல் நீளம் இருக்கும், மேலே மெல்லிய உறை, உள்ளே புள்ளிப் புள்ளியாகக் கருக்கள், வால் நுனியில் மட்டும் கரு இருக்காது. அந்த வெறும் வால் நுனியை வைத்துத்தான் இது வுச்சரேரியா, கேரளத்தில் சேர்த்தலா பக்கம் இருந்த புருஜியா என்கிற இன்னொரு வகைப் புழு இல்லை என்று பிரித்துச் சொல்வோம். இப்போது நூற்றுக்கணக்கான தடவல்களில் ஒன்றுகூடக் கிடைக்காது, ஆனாலும் ஒவ்வொன்றையும் முழுசாகப் பார்த்தாக வேண்டும்.

பள்ளிக்கூடத்து அட்டை வேறு சோதனை. அது குட்டிப் புழுவைத் தேடுவதில்லை, பெரிய புழு ரத்தத்தில் விடுகிற ஒரு பொருளைக் கண்டுபிடிக்கிறது, அதனால் எந்த நேரத்தில் எடுத்தாலும் சரி, பத்து நிமிடத்தில் கோடு விழுந்துவிடும். ஆறு ஏழு வயசுப் பிள்ளைகளை மட்டும் ஏன் என்றால், அவர்கள் ஊரெல்லாம் மருந்து சாப்பிட ஆரம்பித்த பிறகு பிறந்தவர்கள். அவர்களிடம் கோடு விழுந்தால் கிருமி சமீபத்தில்தான் பரவியிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் மாமனாருக்கு விழுந்தால் அது பல வருஷத்துக்கு முன்னால் வந்த புழுவின் மிச்சமாகவும் இருக்கலாம், புழு செத்த பிறகும் அந்தப் பொருள் ரொம்ப நாள் ரத்தத்தில் தங்கும். கொசுவுக்குக் கொடுக்கக்கூடிய நிலையில் அவர் இன்று இருக்கிறாரா என்று தெரிய வேண்டுமானால் ராத்திரி ரத்தம்தான் வழி.

கால் நன்றாக இருக்கிறது என்பதைப் பற்றி: குட்டிப் புழு ரத்தத்தில் சுற்றுகிறவர்களில் பெரும்பாலானவர்களுக்குக் கால் நன்றாகத்தான் இருக்கும். வீங்கிய காலோடு இருப்பவர் ரத்தத்தில் பெரும்பாலும் புழுவே கிடைக்காது. ஊர் பயந்து ஒதுங்குவது அவரைப் பார்த்து, கொசு எடுத்துக்கொண்டு போவது ஒன்றும் தெரியாமல் பக்கத்தில் தூங்குகிறவரிடமிருந்து. இதைச் சொல்லிச் சொல்லியே என் சர்வீஸ் முடிந்தது, இன்னும் சொல்ல வேண்டியிருக்கிறது.

மேலக்காவேரி_ரமேஷ்

எல்லாம் சரி சார். ஆனால் இந்த நோயில் யாரும் சாவதில்லை. டெங்குவில் பிள்ளைகள் செத்துப்போகிறார்கள். இருக்கிற ஆட்களையும் பணத்தையும் அதற்குப் போடாமல், கிடைக்காத புழுவைத் தேடி ராத்திரி ராத்திரி அலைவது சரியா? நான் சண்டைக்காகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல் கேட்கிறேன்.

பூச்சியியல்_மாணவி

ரமேஷ் அண்ணா, இந்தக் கேள்வியை எங்களிடம் ஊராட்சித் தலைவர்களே கேட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

சாவு இல்லை என்பது சரி. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு இது சின்ன வயசிலேயே தொற்றுகிறது, வெளியே எதுவும் தெரியாத பிள்ளைகளுக்குக்கூட நிணநீர்க் குழாய்கள் விரிந்து கெட்டுப்போக ஆரம்பித்திருப்பதைப் படம் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். வீக்கம் தெரிவது முப்பது நாற்பது வயசில், வேலைக்குப் போகிற வயசில். வீங்கிய பிறகு மாத்திரையால் அதைத் திருப்ப முடியாது. ஆண்களுக்கு விதைப்பை வீக்கம், அதை அறுவை சிகிச்சையில் சரி செய்யலாம், ஆனால் வெட்கப்பட்டு எத்தனையோ பேர் மருத்துவமனைக்கே போவதில்லை.

இன்னொன்று, டெங்கு ஒழிப்பு வேலை இதற்கு உதவாது. டெங்குக் கொசு வீட்டுக்குள் இருக்கிற நல்ல தண்ணீரில், டயரில், பூந்தொட்டித் தட்டில் முட்டை போடும். கியூலெக்ஸ் சாக்கடையிலும் உறிஞ்சுகுழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் போடும். டயரை எல்லாம் அகற்றிவிட்டுச் சாக்கடையை அப்படியே விட்டால் ராத்திரிக் கொசு குறையாது.

மாத்திரை எப்போதோ நின்றுவிட்டதே என்றால், அங்கேதான் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது. இந்தியாவில் பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-இலேயே வந்துவிட்டது. ஊர் முழுக்க வருஷத்துக்கு ஒரு வேளை டிஇசி மாத்திரை கொடுத்துப் பார்க்கிற முன்னோட்டம் 1996-97 வாக்கில் தொடங்கியபோது தமிழ்நாடும் அதில் இருந்தது, பிறகு ஆல்பெண்டசோலும் சேர்ந்தது. இந்த மருந்து குட்டிப் புழுவைத்தான் நன்றாகக் கொல்லும், பெரிய புழுவை முழுசாகக் கொல்லாது. அதனால்தான் பெரிய புழு தானாகச் சாகிற வரைக்கும், குறைந்தது ஐந்து வருஷமாவது, ஊரில் 65 சதவீதத்துக்கு மேல் மக்கள் விழுங்க வேண்டும் என்று கணக்கு. வாங்கினால் போதாது, விழுங்க வேண்டும். வாங்கியவர் எண்ணிக்கைக்கும் விழுங்கியவர் எண்ணிக்கைக்கும் பெரிய இடைவெளி இருந்ததைத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் வைத்தே ஆராய்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் அதே ஆட்கள் விழுங்காமல் விட்டால் புழுவுக்கு அந்த ஆட்களின் உடம்பு மட்டும் போதும்.

நான் செய்வது கொசு வேலை. ஆளுக்கு ஆள் விரலில் குத்தாமல் கொசுவைப் பிடித்து அதற்குள் புழுவின் மரபணு இருக்கிறதா என்று பார்ப்போம். வைக்கோலை ஊறப் போட்டுச் சில நாள் புளிக்க வைத்தால் ஒரு நாற்றம் வரும், சாக்கடை நாற்றத்துக்கு அண்ணன். அந்தத் தண்ணீரை ஒரு தட்டில் ஊற்றி, மேலே பேட்டரியில் ஓடுகிற சின்ன விசிறியோடு ஒரு வலைப்பை வைத்து, சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் விட்டுவிட்டு வருவோம். முட்டை போட வருகிற பெண் கொசுவை விசிறி இழுத்துப் பைக்குள் தள்ளிவிடும். முட்டை போட வருகிறது என்றால் ஏற்கெனவே யாரையோ கடித்து ரத்தம் குடித்திருக்கிறது, அதனால் அந்தக் கொசுதான் எங்களுக்கு வேண்டும். காலையில் இருபது இருபத்தைந்து கொசுக்களை ஒரு குழாயில் சேர்த்து, ஆய்வகத்தில் பிசிஆர் செய்கிறோம். புதுச்சேரியில் 1975-இல் தொடங்கிய வி.சி.ஆர்.சி., அதாவது கொசு முதலான நோய்பரப்பிகளை ஆராய்கிற மத்திய அரசு மையம், இந்த முறையைத் தமிழ்நாட்டிலேயே களத்தில் சோதித்திருக்கிறது. பிள்ளைகளின் சோதனையில் தேறிவிட்ட பகுதியிலும் சில இடங்களில் மட்டும் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அதைக் கொசு காட்டிக் கொடுக்கும்.

சாக்கடைக் கொசுவை அடக்கினால் என்ன ஆகும் என்பதற்குத் திருக்கோவிலூர் வட்டாரத்தில் மதுரை ஆய்வு மையத்துக்காரர்கள் செய்த வேலை இருக்கிறது. சில கிராமங்களில் மருந்து மட்டும், சிலவற்றில் மருந்தோடு உறிஞ்சுகுழிகளில் தெர்மாகோல் மணிகளைக் கொட்டினார்கள். மணிகள் தண்ணீர் மேல் அடுக்காக மிதந்தால் கொசுவால் முட்டை போட முடியாது, ஏற்கெனவே இருக்கிற கொசுவின் புழுப் பருவமும் மூச்சு விட முடியாமல் செத்துவிடும். மருந்து நின்ற பிறகு, இரண்டும் சேர்த்துச் செய்த கிராமங்களில்தான் கிடைத்த பலன் நிலைத்தது. எனக்கு இந்த ஆய்வு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் செலவு சொற்பம், ஊர் மக்களே செய்துகொள்ளலாம், ஆனால் எந்த ஊரிலும் இதை நிரந்தர வேலையாக யாரும் எடுத்துச் செய்வதில்லை.

வெளிமாநிலத் தொழிலாளர் பேச்சு பற்றி, செல்வி அக்கா: பீகார், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசத்தில் நோய் இன்னும் இருப்பது உண்மை, அங்கே பல மாவட்டங்களில் இப்போதும் மாத்திரை கொடுக்கிறார்கள். 2018 கடைசியில் பீகாரின் அர்வல் மாவட்டத்தில் தொடங்கி ஐவர்மெக்டினும் சேர்த்து மூன்று மருந்தாகக் கொடுக்கிறார்கள். அதனால் அங்கிருந்து வருகிறவர்களுக்கும் ராத்திரி ரத்தம் பார்ப்பது நியாயம்தான். அதற்காக அவர்கள் மேல் பழி போடுவது தப்பு. கும்பகோணத்துக்கு யானைக்கால் ஊர் என்ற பெயர் அவர்கள் யாரும் இங்கே வருவதற்கு எவ்வளவோ முன்னால் வந்தது. இந்த நோய் ஒரு கடியில் தொற்றுகிற நோயும் இல்லை. மலேரியாவில் நடப்பதுபோல இதைக் கொசு ஊசி மாதிரி ஏற்றுவதில்லை, புழுவைத் தோல் மேல் விட்டுவிட்டுப் போகும், அது கடித்த துளை வழியாகத் தானே உள்ளே போக வேண்டும், பெரும்பாலும் வழியிலேயே செத்துவிடும். ரங்கூனில் 1960-களில் போட்ட கணக்குப்படி ஒருவர் ரத்தத்தில் குட்டிப் புழு வரும் அளவுக்குத் தொற்ற, புழு ஏறிய கொசுவின் கடியே பதினைந்தாயிரத்துக்கு மேல் வேண்டும். யாரோ வந்து சில மாதம் தங்கியதால் தெருவுக்கே வராது. நம் சாக்கடை அப்படியே இருந்து, கொசு அத்தனை கடி கடித்தால்தான் வரும்.

வெள்ளவத்தை_வாசகன்

நான் கொழும்பில் இருந்து எழுதுகிறேன். எங்கள் நாட்டு அனுபவம் உங்களுக்குப் பயன்படும் என்று நினைக்கிறேன். இங்கே மேல், தென், வடமேல் மாகாணங்களில்தான் யானைக்கால் இருந்தது, வடக்கு கிழக்கில் இல்லை. இதற்கென்றே ஒரு தடுப்பு இயக்கம் 1947 முதல் இருக்கிறது. 2002 முதல் 2006 வரை ஐந்து வருடம் வீடு வீடாக மருந்து தந்தார்கள், 2016-இல் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையில் இருந்து ஒழித்துவிட்டோம் என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. மாலத்தீவுக்கும் அதே வருடம்தான்.

சான்று கிடைத்தபின் கடையைப் பூட்டிவிட்டுப் போகவில்லை, அதுதான் நான் சொல்ல வந்தது. தெற்கே இருக்கிற காலி என்ற மாவட்டத்துக் கரையோரத்தில் பள்ளிப் பிள்ளைகளின் குருதியிலும் நுளம்பிலும் (நீங்கள் சொல்கிற கொசு) தேடிய ஆய்வுகளில், பரவல் மெல்லிசாக இன்னும் மிஞ்சியிருக்கிற இடங்கள் தெரியவந்தன. இன்னொரு விஷயம் இன்னும் பெரியது. புருஜியா வகைப் புழு நாற்பது வருடம் போல எங்கும் காணக் கிடைக்கவில்லை, தொலைந்துவிட்டது என்றே எல்லாரும் இருந்தார்கள், அது திரும்ப வந்திருக்கிறது, நாய்களின் குருதியிலும் கிடைக்கிறது. இரவில் குருதி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கிற பழக்கத்தை விடாமல் வைத்திருந்ததால்தான் கண்ணில் பட்டது. உங்கள் லேப்டெக் ஐயா சொன்ன அட்டை வுச்சரேரியாவுக்கு மட்டும்தான், அட்டையை மட்டும் நம்பியிருந்தால் இது தெரிந்திருக்காது.

தஞ்சை_மீனா

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் புழுவைத் தேடுகிற பேச்சில் ஏற்கெனவே கால் வீங்கியவர்கள் மறந்துபோகிறார்கள். என் அம்மாவுக்கு இடது கால். மழைக்காலத்தில் நடுக்கத்தோடு காய்ச்சல் வரும், கால் சிவந்து நெருப்பாகக் கொதிக்கும், தொடையிடுக்கில் நெறி கட்டும், அது ஒவ்வொரு தடவை வந்து போகும்போதும் வீக்கம் இன்னும் கொஞ்சம் நிரந்தரமாகிவிடும். புழு செய்கிற வேலை என்றுதான் வீட்டில் நினைத்திருந்தோம். அரசு மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அக்கா தரையில் உட்கார்ந்து அம்மாவின் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வெள்ளையாக ஊறிப்போய் ஒரு வெடிப்பு. அது வழியாகத்தான் பாக்டீரியா உள்ளே போகிறது, காய்ச்சல் அதனால் என்றார்.

தினம் ராத்திரி சாதாரண சோப்பு, சாதாரண தண்ணீர், மேலிருந்து கீழாக மெதுவாகக் கழுவி, மடிப்புகளிலும் விரலிடுக்கிலும் துணியை ஒற்றி ஈரம் போக்கி, வெடிப்பு இருந்தால் களிம்பு. தேய்க்கக் கூடாது. படுக்கும்போது காலைத் தூக்கி வைக்க வேண்டும், குதிகாலை ஏற்றி இறக்குகிற பயிற்சி, காலை இறுக்காத செருப்பு. இவ்வளவுதான். அம்மாவுக்குக் காய்ச்சல் வருவது அரிதாகிவிட்டது, கால் பழையபடி ஆகவில்லை, ஆனால் நாற்றம் போய்விட்டது, அதனால் கல்யாணம் காட்சிக்கு வருகிறார். ரொம்ப முற்றிய வீக்கம் இருப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் மாத உதவித்தொகையும் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். உங்கள் தெருவில் யாராவது காலை மறைத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தால் அவர்களிடம் இதைச் சொல்லுங்கள் செல்வி, தயவுசெய்து.

செல்வி_காவிரிக்கரை

எல்லாருக்கும் நன்றி. மீனா, எதிர்வீட்டுப் பாட்டி ஒருவர் இருக்கிறார், நாளைக்கே போய்ப் பார்க்கிறேன். மாமனாரிடம் லேப்டெக் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். "பக்கத்தில் தூங்குகிறவர்" என்கிற இடத்தில் பேரனைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஜுரம் விஷயம் மட்டும் பாக்கி. அவருக்குப் புழு இருந்தால் என்ன மருந்து, அதில் ஜுரம் வருமா?

பழைய_லேப்டெக்

வரலாம் அம்மா, அவர் பயந்ததில் உண்மை இருக்கிறது. டிஇசி உள்ளே போனதும் ரத்தத்தில் இருக்கிற குட்டிப் புழுக்கள் கூட்டமாகச் சாகும், அந்தச் செத்த புழுக்களுக்கு உடம்பு காட்டுகிற எதிர்ப்புதான் ஜுரம், தலைவலி, உடம்பு வலி. புழு இல்லாதவருக்குப் பெரும்பாலும் எதுவும் வராது, இருந்தால் கொஞ்சம் குமட்டல், தலைசுற்றல். ஆக ஜுரம் வந்தால் மருந்து வேலை செய்கிறது, அவருக்கு அது தேவைப்பட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் ஒன்றிரண்டு நாளில் அடங்கும். வெறும் வயிற்றில் மட்டும் விழுங்கக் கூடாது, அதனால் வந்த தொந்தரவைத்தான் பல பேர் மருந்தின் மேல் போட்டார்கள்.

தடவலில் புழு தெரிந்தால் எடைக்குத் தகுந்தபடி டிஇசி 12 நாள் கொடுப்பார்கள், பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு மூன்று மாத்திரை, இலவசம்தான். அலமாரியில் இருக்கிற பழைய மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள், அது எத்தனை வருஷத்துச் சரக்கோ. அவருக்குச் சர்க்கரை, இதயம், சிறுநீரகம் என்று ஏதாவது இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குழு மறுபடி உங்கள் தெருவுக்கு வருகிற வரை காத்திருக்க வேண்டாம். நகர்நல மையத்தில் கேட்டால் விடுபட்டவர்களுக்கு எந்த ராத்திரி எங்கே எடுக்கிறார்கள் என்று சொல்வார்கள். பத்து மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், எட்டரைக்கே எடுத்துவிடுகிறோம் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முடிவை அவர்களாகச் சொல்லட்டும் என்று இருக்காமல் இரண்டு வாரம் கழித்து நீங்களே போய்க் கேளுங்கள்.

செல்வி_காவிரிக்கரை

சரி ஐயா. வியாழக்கிழமை ராத்திரி எடுக்கிறார்களாம், விசாரித்துவிட்டேன். மாமனார் வருகிறார். கதவு திறக்காத இன்னும் இரண்டு வீட்டிலும் சொல்லியிருக்கிறேன். சாக்கடைக்கு மனு எழுதுகிறோம், தெர்மாகோல் மணி எந்த அளவு, ஒரு குழிக்கு எவ்வளவு என்று மாணவி தங்கை சொன்னால் மனுவிலேயே சேர்த்துவிடுவேன்.

பூச்சியியல்_மாணவி

அக்கா, குழியின் அகலத்தைப் பொறுத்தது. தண்ணீர் எங்கேயும் வெளியே தெரியாமல் முழுசாக மூடுகிற அளவுக்கு வேண்டும், ஒரு வரிசை மட்டும் மிதந்தால் போதாது, மேலே மேலே அடுக்காக நிற்க வேண்டும். மூடியிருக்கிற குழிக்கும் தொட்டிக்கும்தான் இது, திறந்த சாக்கடையில் போடாதீர்கள், ஓடிப்போய் வாய்க்காலில் சேர்ந்துவிடும், அதற்கு அடைப்பு எடுத்து ஓட விடுவதுதான் வேலை. உங்கள் தெருக் குழிகளின் அளவை எடுத்து இங்கேயே போடுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.